தெரியாது என்ற பதில்

மனிதனுக்கு அத்தியாவசியமானவை எவை என்று பட்டியல் போட உட்கார்ந்தால் சோறு, துணி, கூரை என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். தலைமுடி அந்தப் பட்டியலில் வருவதில்லை. யாராவது சேர்த்தாலும், அது அலங்காரம், ஆடம்பரம், பெண்கள் விஷயம் என்று ஒதுக்கிவிடுவோம். இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது என் நண்பர் ஒருவர், "நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா?" என்று கேட்டார். நிறைய இருக்கின்றன. ஆனாலும் சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் போய்ப் பிழைத்தவர்களைக் கேட்டால் இதையும் ஒரு பிரச்சினை என்றே சொல்லுவார்கள். சோற்றைத் தானே பொங்கிக்கொள்ளலாம். துணியைத் தானே துவைத்துக்கொள்ளலாம். தலையை மட்டும் இன்னொருவர் கையில் கொடுக்கவேண்டியிருக்கிறது. கழுத்தைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கத்தியும் கத்தரிக்கோலுமாக நிற்கும் ஒருவரை நம்பி உட்காரவேண்டும். டாக்டரை விட்டால், நம்மைத் தொடுவதற்கு நாமாகவே அனுமதி கொடுத்திருக்கும் அந்நியர் நாவிதர்தான். பழைய நாளில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்தார். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரும் இருக்கிறது.

திருவொற்றியூரில் காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு மாடியறையில் தான்சானியாவிலிருந்து படிக்க வந்த மாணவிகள் இரண்டு மூன்று பேர் குடியிருந்தார்கள். அவர்களோடு படிக்கும் பையன் ஒருவன் அடுத்த தெருவில் இருந்தான். நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்கு ஒருநாள் அவன் வந்து நின்றான். கடைக்காரர் முப்பது வருஷமாகத் தொழில் செய்பவர். நாற்காலி காலியாக இருந்தது. அவர் அவன் தலையைப் பார்த்தார். கையிலிருந்த சீப்பைப் பார்த்தார். பிறகு கைகூப்பாத குறையாகத் தலையாட்டிவிட்டார். அவன் போனபிறகு என்னிடம் சொன்னார்: "எனக்குப் பழக்கமில்லை சார். கை வச்சு கெட்டுப்போச்சுன்னா பாவம். ஊர் விட்டு ஊர் வந்த புள்ள."

இந்த வார்த்தையில் கபடம் எதுவும் இல்லை. தெரியாத வேலையில் கைவைக்கக்கூடாது என்பது தொழில் கற்றவனுடைய நாணயம். நம் ஊரில் தெரியாத வேலையில் துணிந்து கைவைப்பவர்களால் நாம் படும் பாட்டை நினைத்தால், அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பையன் அன்று மட்டும் அது நான்காவது கடை என்றான். நான்கு கடையிலும் நல்ல மனிதர்கள். நான்கு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். தெருக்கோடிக்கு வந்து நின்றபோது அவனுக்குக் கிடைத்திருந்தது என்னவோ ஒரே ஒரு பதில்தான். கடைசியில், ஓர் இயந்திரத்தை வைத்து ஒட்ட வழித்துவிடச் சொல்லித் தலையைக் கொடுத்துவிட்டான். மொட்டை அடிப்பதற்குத் தெரியாது என்று சொல்லும் நாவிதர் தமிழ்நாட்டில் கிடையாதல்லவா!

ஆண்பிள்ளைக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

அந்த முடியின் இயல்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அவர்களுடைய கஷ்டம் புரியும். நம்மில் பெரும்பாலோருடைய முடி ஏறக்குறைய நேராக இறங்குகிறது. அவர்களுடைய முடி முளைக்கும் குழியே வளைந்திருப்பதால் கம்பிச் சுருள்போலச் சுருண்டு சுருண்டு வளர்கிறது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் அந்தச் சுருளைச் சுற்றி நுனிவரை இறங்குவதில்லை. ஆகையால் முடி சீக்கிரம் வறண்டுபோகிறது. வளைவு விழும் ஒவ்வோர் இடத்திலும் ஒடிகிறது. உலர்ந்த தலையில் நம்முடைய நெருக்குப்பல் சீப்பை இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும். ஈரமாக்கி, எண்ணெய் விட்டு, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். பாகம் பாகமாகப் பிரித்துத் தோலை ஒட்டிப் பின்னவேண்டும். ரொம்ப இறுக்கிவிட்டாலும் நெற்றியோரத்தில் முடி கொட்டி வழுக்கை விழும். ஒரு தலையைப் பின்னி முடிக்க ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம்கூட ஆகுமாம். இதற்கு நடுவில் நம்முடைய வடசென்னைத் தண்ணீர் வேறு! நிலத்தடியில் கடல் ஏறிவிட்ட ஊர் இது. ஆழ்குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தால் நம்முடைய முடியே தேங்காய் நார் மாதிரி ஆகிவிடுகிறது.

வேண்டிய சாமான்கள் என்ன என்று அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், சோற்றுக் கற்றாழை. உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது நம் நாட்டில்தான். தேங்காயெண்ணெய் மூலைக்கு மூலை மளிகைக் கடையில் தொங்குகிறது. மேற்கு ஆப்பிரிக்க மரத்துக் கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெய் ஒன்றுதான் இங்கே சுலபமாகக் கிடைக்காது. அதையும் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். எல்லாம் இருக்கிறது. கைதான் இல்லை.

அவள் பெரிய அழகு நிலையம் ஒன்றுக்குப் போனாள். பெயர் வேண்டாம், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள இடம். கொரியா நாட்டு முறையில் முகத்துக்குப் பூச்சு போடுகிறோம் என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே ஓர் அலமாரியில், நீளவாரியாக அடுக்கி, ஒட்டுமுடிக் கொத்துகள் தொங்கின. எல்லாம் அசல் மனிதமுடி. அந்த இடத்திலும் அவளுக்கு, "தெரியாது" என்றுதான் பதில் சொன்னார்கள்.

அங்கே தொங்கிய முடியைப் பற்றி இப்போது சொல்லவேண்டும்.

திருமலையிலும், திருத்தணியிலும், பழனியிலும், சமயபுரத்திலும் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தலைகள் மழிக்கப்படுகின்றன. பிள்ளைக்கு ஜுரம் தணிந்தால் என்று ஒருத்தி, மகளுக்கு வரன் குதிர்ந்தால் என்று ஒருத்தி, இருபது வருஷம் எண்ணெய் தேய்த்து வளர்த்த கூந்தலைக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு படியிறங்கி வருகிறாள். அந்த முடியை நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறார்கள். திருமலைக் கோயிலுக்கு இதிலிருந்து வரும் வருமானம் பல ஆண்டுகளில் நூறு கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. ஏலத்தில் எடுத்தவர்கள் அதை அலசி, உலர்த்தி, ஆணிப்பலகையில் இழுத்துச் சிக்கெடுத்து, வேர்ப்பக்கம் எல்லாம் ஒரு முனையிலும் நுனிப்பக்கம் எல்லாம் ஒரு முனையிலும் வரும்படி அடுக்கிக் கட்டுகிறார்கள். வீடுகளில் சீப்பில் வரும் சிக்குமுடியையும் விடுவதில்லை. அதற்குப் பாத்திரமும் ஹேர்பின்னும் கொடுத்து வாங்கிப்போகும் ஆட்களை நம் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சிக்கை விரலால் பிரித்தெடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட பெண்கள் கர்நாடகத்துக் கொப்பள் பக்கம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிரிக்காத கச்சா முடியாகவே வெளியே போய்விடுகிறது, இங்கே வேலை போகிறது என்று 2022 ஜனவரியில் மத்திய அரசாங்கம் அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய வியாபாரம் இது.

இந்த வியாபாரத்தில் சென்னை ஒரு முக்கியமான கேந்திரம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி, காசிமேடு தாண்டி ஜீரோ கேட் வரைக்கும் நிற்பதைப் பார்த்து நாம் சலித்துக்கொள்கிறோம். அவற்றில் எதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முடி எடை குறைந்த, விலை உயர்ந்த சரக்கு. விமானத்திலும் போகிறது, கப்பலிலும் போகிறது. எதில் போனாலும் அது போய்ச் சேருகிற தலைகளில் ஏராளமானவை கறுப்பினப் பெண்களுடையவை. அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அவர்கள் தங்கள் சொந்த முடியைத் தலையோடு ஒட்டிப் பின்னி, அந்தப் பின்னலின்மேல் நம் ஊர்க் கூந்தலை வைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். கிறிஸ் ராக் என்ற அமெரிக்க நடிகர் 2009-ல் வந்த தம்முடைய 'குட் ஹேர்' படத்துக்காக இந்த முடியின் பிறப்பிடத்தைத் தேடி இந்தியாவுக்கே வந்து, மொட்டையடிக்கும் பக்தர்களைப் படம் பிடித்துப் போனார்.

நம்முடைய ஏற்றுமதி வியாபாரிக்கு அந்தத் தலைகளைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. எந்த நாட்டில் எத்தனை அங்குலம் கேட்பார்கள், எந்தச் சுருள் ஓடும், எந்த நிறம் தங்கிவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் ஒரு பெண்ணின் தலையை அளந்து வைத்திருக்கும் ஊர், அவளே படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியாது என்கிறது. என்னை உறுத்துவது இதுதான்.

தெரியாது என்று சொல்வது குற்றமா?

நம் நாட்டு நாவிதர் கடைக்கு வேறு ஒரு சரித்திரம் உண்டு. அங்கே கேட்ட பதில் "தெரியாது" அல்ல, "முடியாது". டாக்டர் அம்பேத்கர் தம் சிறுவயதைப் பற்றி எழுதியிருக்கிறார்: சதாராவில் நாவிதர்கள் இருந்தார்கள், கூலி கொடுக்க இவர்களிடம் காசும் இருந்தது, ஆனாலும் எவரும் இவர்கள் தலையைத் தொடமாட்டார்கள். அக்காதான் தம்பிமார்களுக்கு முடிவெட்டி விடுவாள். வெட்டி வெட்டியே தேர்ந்த கையாகிவிட்டாள். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டத்தை எழுதியவர்கள், கடை என்பதில் சலவைக் கடையும் முடிதிருத்தும் நிலையமும் அடங்கும் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். எந்த வாசலில் மனிதனை நிறுத்திவைத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சட்டம் 1976-ல் வேறு பெயர் பெற்று இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்ததாக இன்றும் புகார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

காலடிப்பேட்டைக் கடைக்காரரை அந்தப் பாவத்தில் சேர்க்க நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன். தெரிந்தும் செய்யாதவன் வேறு, தெரியாமல் பின்வாங்குகிறவர் வேறு. முன்னவனைச் சட்டம் தண்டிக்கலாம். பின்னவரை எந்தச் சட்டமும் தொடமுடியாது, தொடவும் கூடாது. ஆனால் வாசலில் நிற்பவனுடைய இடத்திலிருந்து பார்த்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மாடியறையில் ஒருத்தி நாற்காலியில் உட்கார, மற்றவள் பின்னால் நின்று, காலையில் தொடங்கிச் சாயங்காலம்வரை பின்னிக்கொண்டிருப்பாள். பிறகு அவள் உட்காருவாள், இவள் நிற்பாள். சதாரா அக்காவின் கையும் இந்தக் கையும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. ஊர் கைவிட்டதை உறவு செய்கிறது. அந்த உறவும் இல்லாமல் தனியாக வந்தவள் என்ன செய்வாள்? டெல்லியில் கிர்க்கி என்ற பகுதியில் ஆப்பிரிக்கர்கள் கூட்டமாகக் குடியேறியபோது அவர்களே முடி நிலையங்கள் வைத்துக்கொண்டார்கள். பத்துப் பேர் இருக்கும் ஊரில் அப்படிக் கடை வைக்க முடியுமா?

அழகு நிலையத்து முதலாளி சொன்ன காரணமும் இதுதான். "வருஷத்துக்கு எத்தனை பேர் வரப்போறாங்க சார்? அதுக்காக ஒரு பொண்ணை அனுப்பிப் பழக்க முடியுமா?" கணக்கு சரியான கணக்கு. வியாபாரியிடம் தர்மம் பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இதே கணக்கைத்தான் உலகம் எங்கும் கறுப்பு மனிதர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய தலைக்கு வேண்டியதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867-ல் லூசியானாவில் பிறந்த சாரா பிரீட்லவ் துணி வெளுத்துப் பிழைத்தவள். தலையில் நோய் கண்டு முடி கொட்டிப்போனதில் தனக்கென்று தைலம் செய்யப் புறப்பட்டு, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் பெரிய தொழிலை உண்டாக்கினாள். 1919-ல் அவள் இறப்பதற்குள் ஆயிரக்கணக்கான கறுப்புப் பெண்கள் அவளிடம் இந்த வேலையைப் பழகி, அடுப்பங்கரையையும் வண்ணான் தொட்டியையும் விட்டுச் சொந்தக் காலில் நின்றார்கள். அவள் செல்வம் சேர்த்ததை எல்லோரும் சொல்லுகிறார்கள். எனக்கு அந்த ஆயிரக்கணக்கான கைகள்தான் பெரிதாகப்படுகின்றன.

தலைமுடியை வைத்து மனிதனை நிறுத்துப் பார்த்த கதை நமக்கும் அந்நியமானதல்ல. 1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது இதே சென்னைக் கரையிலிருந்துதான். அப்போது துறைமுகம்கூடக் கட்டியிருக்கவில்லை. மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்க் கப்பலேறவேண்டும். அவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டில் 1950-ல் ஒவ்வொரு மனிதனையும் இனம் பிரித்துப் பதியச் சட்டம் போட்டார்கள். ஒருவர் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால், தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பதும் அங்கே ஒரு பரீட்சை! பென்சில் நழுவி விழுந்தால் வெள்ளையர், நின்றுவிட்டால் இல்லை. வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்த சாண்ட்ரா லைங் என்ற சிறுமியை, நிறத்தையும் சுருள்முடியையும் காரணம் காட்டி 1966-ல் போலீஸ் துணையோடு பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியேற்றினார்கள். அந்தச் சட்டம் 1991-ல்தான் ஒழிந்தது. முடியின் சுருளுக்காக ஒருவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்று அமெரிக்காவில் முதன்முதலாகச் சட்டம் செய்த மாநிலம் கலிபோர்னியா, அதுவும் 2019-ல்.

நாம் பென்சில் செருகவில்லை. ஆனால் நம் வீட்டிலேயே ஒரு பெண் குழந்தைக்குச் சுருட்டை முடி கொஞ்சம் அதிகமாகிவிட்டால் "பரட்டை" என்று கூப்பிடுவது யார்? எண்ணெயை வழிய விட்டு, அழுத்தி, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி அனுப்பாவிட்டால் பள்ளிக்கூடத்தில் விடுவதில்லை. கல்யாணம் என்றால் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து மருந்து வைத்து நேராக்குகிறார்கள். அந்த அழகு நிலையத்தில் நேராக்கத் தெரியும். சுருளைச் சுருளாகவே பேணத் தெரியாது. தான்சானியாப் பெண்ணுக்குத் தெரியாது என்று சொன்னவர்கள், எண்ணிப் பார்த்தால், திருவொற்றியூர்ப் பெண்கள் எத்தனையோ பேருக்கும் அதே பதிலைத்தான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கூந்தலை வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்களை இரக்கத்தோடு பார்ப்பவர்களும் உண்டு: தங்கள் முடியை வெறுத்துத்தானே இதை வைத்துக்கொள்கிறார்கள் என்று. அப்படி எல்லோரையும் ஒரே தராசில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. நம் பாட்டிமார்கள் சவுரி வைத்துக்கொண்டது தங்கள் முடியை வெறுத்தா? வெறுக்கக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களும் இருப்பார்கள். அழகுக்கு வைத்துக்கொள்கிறவர்களும் இருப்பார்கள். அதை விசாரிக்கும் அதிகாரம், கூந்தலை விற்ற ஊருக்கு இல்லை. 2004-ல் ஒரு வேடிக்கை நடந்தது. கோயிலில் இறக்கிய முடியில் செய்த டோப்பாவை யூதப் பெண்கள் அணிவது விக்கிரக ஆராதனையில் சேரும் என்று ஜெருசலேமில் ஒரு பெரிய ரப்பி தீர்ப்புச் சொல்ல, நியூயார்க்கில் புரூக்ளின் தெருக்களில் டோப்பாக்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். திருத்தணியில் தலைகுனிந்து உட்கார்ந்தவளின் வேண்டுதல் அந்த முடியோடு கடல் தாண்டிப் போகிறது என்று அந்த ரப்பியாவது நம்பினார்! நாமோ, ஏலம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

ஆக, தெரியாது என்பது குற்றமா என்றால், ஒரு மனிதர் ஒருநாள் சொன்னால் குற்றமில்லை என்பேன். ஓர் ஊரே வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், அதுவும் அந்தத் தலைகளால் காசு பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தால், அதைத் தெரியாமை என்று என்னால் கூப்பிட முடியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதென்று யாரும் கூடி முடிவு செய்யவில்லைதான். யாரும் முடிவு செய்யாமலே அப்படி ஆகிவிட்டது. அதனால்தான் யாரைக் கேட்பது என்றும் புரியவில்லை. காலடிப்பேட்டைக் கடைக்காரரிடம் மறுபடி இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவர் கொஞ்ச நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "யாராச்சும் பக்கத்துல நின்னு காட்டினா கத்துக்கலாம் சார். கை என்ன, பழகினா வந்துடும்," என்றார்.

காட்டுவதற்கு ஆள் இருக்கிறது. அழகு நிலையத்துக்குப் போன அந்தப் பெண், தானே உட்கார்ந்து சொல்லித் தருவதாக அங்கேயே சொல்லியிருக்கிறாள். முதலாளி கேட்கவில்லை. ஆனால் அங்கே வேலை செய்யும் எண்ணூர்ப் பெண் ஒருத்திக்கு அந்தப் பின்னலின்மேல் ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் விடுமுறை; அந்த மாடியறைக்குப் போய்ப் பழகிவிடலாம் என்று நினைக்கிறாள். வீட்டில்தான் தடை. "அந்த நாட்டுக்காரங்க ரூமுக்கெல்லாம் நீ எதுக்குப் போகணும்?" என்கிறார் தகப்பனார். அவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் வேலையில் இருப்பவர்; எனக்குத் தெரிந்தவர்தான். அண்ணே, ஒருதடவை நீங்களும் கூடவே போய் உட்கார்ந்து பாருங்களேன் என்று அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எந்த ஷிப்ட் என்று முதலில் விசாரிக்கவேண்டும்.